யாருக்கெல்லாம் செய்யக் கூடாது

ஏற்காடு
10.11.2024

அன்புள்ள அக்கா சுமையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, அத்தா, அம்மா, பக்கத்துக் கடைப் பூனை ஆகியோர் முன்னிலையில், உன் கட்டிலின் ஆடுகிற நான்காவது கால் தன் ஆட்டத்தை முறைப்படி நிறுத்திக்கொண்டது. உன் நீட் கைடு, பாகம் ஒன்றும் இரண்டும், அதன் அடியில் பணியில் அமர்த்தப்பட்டுள்ளன. இரண்டு வருடம் உன் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம் இனி என் தூக்கத்தைத் தாங்கும். ஆமாம், கட்டில் இப்போது என்னுடையது. அலமாரியில் மேல் தட்டும் என்னுடையது. நீ இல்லாத வீடு எவ்வளவு விசாலம் தெரியுமா? உன் ஞாபகமே வரவில்லை. வந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

இங்கே அம்மா நலம். பஜ்ஜிச் சட்டி நலம். அத்தா நலம், அவருடைய சர்க்கரை மட்டும் அவரைவிட நலமாக மேலே மேலே போகிறது. உன் நலத்தை எழுது.

முதல் வருடப் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குக் கைபேசி உபவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாமே! ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசலாம் என்று அம்மா சொன்னாள். அதில் அத்தாவுக்குப் பன்னிரண்டு நிமிடம், அம்மாவுக்குப் பதினேழு, எனக்கு ஒன்று. ஒரு நிமிடத்தில் உன்னை ஒழுங்காக ஓட்டக்கூட முடியாது. அதனால்தான் தபால்.

அத்தா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நேற்று நாகலூர் பஸ் கண்டக்டர் கிங்ஸ்டன் அண்ணன் டீ குடித்துக்கொண்டே, "பாப்பா எம்பிபிஎஸ்ஸுங்களா பாய்?" என்று கேட்டார். அத்தா மிளகாயை மாவில் முக்கியபடியே, "அதுக்கும் மேலீங்க. மருந்தே இல்லாம வைத்தியம் பாக்கிற படிப்பு. அஞ்சரை வருசம்" என்றார். "மருந்தே இல்லாமயா? அப்ப எதுக்குங்க அஞ்சரை வருசம்?" என்றார் கிங்ஸ்டன். நான் சிரித்தேன். அத்தா என்னைக் கரண்டியால் பார்த்தார்.

கட்டிலின் புதிய உரிமையாளர்,
முகமது ஆசிக், பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு


பெண்கள் விடுதி, நாகர்கோவில் பக்கம்
19.11.2024

ஆசிக்,

வ அலைக்கும் ஸலாம். கட்டிலை அனுபவி. அதன் இரண்டாவது காலும் சீக்கிரம் ஆடும், அதற்குப் புத்தகம் கிடையாது.

நான் நலம். இங்கே காலை ஐந்தரைக்கு எழுப்பி ஆறு டம்ளர் உப்புத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். குடித்த பிறகு அதை வாந்தி எடுக்கச் சொல்கிறார்கள். இதுதான் பாடம். என் அறைத்தோழி சாரா முதல் நாள் மேடத்தின் செருப்பு மேலேயே பாடத்தை ஒப்பித்துவிட்டாள். வயிற்றில் ஈர மண் பூசிப் படுக்கிறோம். நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் அடக்கம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் இயற்கை மருத்துவம் என்றாலும் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் எம்பிபிஎஸ்காரர்கள் படிப்பதேதான். கிங்ஸ்டன் அண்ணனிடம் சொல்.

இன்று வெந்நீர்ப் பாதக் குளியல் செய்து காட்டினார்கள். சாராவுக்குத் தலைவலி. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே வரை வாளி வெந்நீரில் கால், உடம்பைச் சுற்றிக் கம்பளி, தலையில் குளிர்ந்த ஈரத் துண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினோம். பதினைந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டி, தலைவலி போயே போய்விட்டது. மாத்திரை இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு முதல்முறையாக இந்தப் படிப்பின் மேல் ஒரு ஆசை வந்தது. இதை யாருக்கெல்லாம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டாம், அது அடுத்த வகுப்பில் என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

அத்தா மாத்திரை போடுகிறாரா பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் ஸலாம்.

சுமையா


ஏற்காடு
1.12.2024

மேன்மை தங்கிய டாக்டர் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். சையத் இப்ராஹிம் பஜ்ஜிக் கடையில், சட்னி வாளிக்கு இடப்பக்கம், உன் வைத்தியசாலையின் ஏற்காடு கிளை இனிதே திறக்கப்பட்டது.

நடந்தது இதுதான். அத்தாவின் கை எப்போதும் கடலை மாவில் இருப்பதால் உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படிக்கிறேன். படிக்கும்போது உன் எழுத்து எனக்கு உப்புச் சப்பில்லாமல் தெரிந்தது. அதனால் அங்கங்கே கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சப்பு சேர்த்தேன். "கண்டக்டர் கிங்ஸ்டன் தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று மேடம் சொன்னார்" என்று படித்தேன். அவர் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று சிரித்தார். பயணிகள் இரண்டு பேர் இறங்கிப் போய்விட்டார்கள்.

மாரமங்கலத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் அத்தாயி அக்காவைத் தெரியும் அல்லவா? அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே, "ஏஞ் சாமி, எனக்கு ஏதாச்சும் எழுதியிருக்குதா பாரு" என்றார். பாவமாக இருந்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, "ஈரத் துணியைச் சுத்தி அரை மணி நேரம் உக்காருங்க, அதுவரைக்கும் யாரோடவும் சண்டை போடக் கூடாது" என்றேன். இந்த வாரம் வந்து, "நொம்பத் தேவல சாமி. உங்கக்கா கைராசிக்காரி" என்று ஒரு சீப்பு பழம் கொடுத்தார். பழம் என் கணக்கு, பெயர் உன் கணக்கு.

அத்தாவும் அதைக் கேட்டார். அன்று போட்ட பஜ்ஜி எல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

கிளை மேலாளர்,
ஆசிக்


நாகர்கோவில் பக்கம்
8.12.2024

டேய் ஆசிக்,

ஸலாம். கிளையை இன்றைக்கே மூடு. நான் விளையாடவில்லை. ஐந்தரை வருடம் முடிகிற வரை நான் யாருக்கும் ஒன்றும் சொல்லக் கூடாது. அத்தாயி அக்காவுக்குத் துணி சுற்றியதால் ஒன்றும் ஆகாது, சரி. நாளைக்கு வேறொருவர் வருவார். என் பெயரில் நான் எழுதாத ஒரு சொல்லைக்கூடப் படிக்காதே.

இன்று போனில் அத்தாவுக்கு மூக்கடைத்த குரல். தலை வலிக்கிறது என்றார். பனி ஆரம்பித்திருக்குமே. ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க நிற்கிறார். காதுக்குத் துண்டு கட்டச் சொல்.

இன்னொன்று. அத்தாவிடம் சொல்லாதே. உடற்கூறு முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது. பக்கத்து மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தால் 'தண்ணி டாக்டர்' என்கிறார்கள். விட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை நீட் எழுதலாமா என்று இருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் கட்டில் காலில் இருந்து எடுத்துத் தூசி தட்டி வை. எதற்கும் இருக்கட்டும்.

சுமையா


ஏற்காடு
17.12.2024

அன்பு அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் மிக மிக நலம். நீ நலமா? நலமாகத்தான் இருப்பாய்.

மூடுபனி நிலவரம்: நேற்று ஏரியைக் காணவில்லை. படகுக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் கணக்கு சார் வகுப்பு மாறிப் போய் எட்டாம் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் கால்குலஸ் நடத்தினார். அவர்களுக்குப் புரிந்ததாம், அதுதான் அதிர்ச்சி. கிளை மூடப்பட்டது. புத்தகத்தை எடுக்கவில்லை, கட்டில் ஆடும்.

வேறு விசேஷம் இல்லை. ஒன்றுமே இல்லை.

சும்மா பொது அறிவுக்காக ஒரு கேள்வி. கொப்புளம் வந்தால் உங்கள் பாடத்தில் என்ன செய்வார்கள்? எனக்கு இல்லை. என்னோடு படிக்கிற நாகலூர் தமிழ்செல்வன் புரோட்டாக் கல்லில் கை வைத்துவிட்டான். கொப்புளம் பெரிது. ஆனால் வலிக்கவே இல்லை என்கிறான். அப்படி இருக்குமா?

ஆசிக்


நாகர்கோவில் பக்கம்
26.12.2024

அன்புள்ள ஆசிக்,

ஸலாம். தமிழ்செல்வனைக் கொப்புளத்தைக் குத்த வேண்டாம் என்று சொல். பற்பசை, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரியில் காட்டட்டும். வலிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் அப்படி இருக்காதே.

மேடம் ஒருவழியாக அந்தப் பட்டியலைச் சொல்லிவிட்டார். வெந்நீர்ப் பாதக் குளியலை யாருக்கெல்லாம் செய்யக் கூடாது என்பது. முதல் வரியே சர்க்கரை நோயாளிகள். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு குறைந்துவிடுமாம், சூடு தெரியாதாம், வெந்துபோனாலும் தெரியாதாம். அதற்குமேல் என் பேனா ஓடவில்லை. போன வருடம் ஏரிக்கரையில் அத்தாவின் ஒரு செருப்பு கழன்று போய், அது தெரியாமலே கடை வரைக்கும் நடந்து வந்தாரே, நாமெல்லாம் சிரித்தோமே! அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அத்தா தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நீ கூட இருந்து பார். இதை அப்படியே படித்துக் காட்டு. உப்பும் வேண்டாம் சப்பும் வேண்டாம்.

சுமையா


நாகர்கோவில் பக்கம்
13.1.2025

ஆசிக்,

ஸலாம். உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நீ இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது, பிறந்து பேச்சு வருவதற்கு முன்னால்தான்.

நான்கு ஞாயிறாகப் பார்க்கிறேன். அத்தா போன் பேசும்போது பின்னால் எண்ணெய் இரையும் சத்தம் இல்லை, பஸ் ஹாரன் இல்லை, யாரும் "பாய், ரெண்டு பிளேட்டு" என்று கத்தவில்லை. வீட்டிலிருந்து பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பொங்கல் கூட்டத்தில், அத்தா எதற்கு வீட்டில் இருக்கிறார்? கேட்டால், "சும்மா ஓய்வு கண்ணு" என்கிறார். அம்மா, "நீ படிக்கிற வேலையப் பாரு" என்கிறாள். அந்தக் குரலில் கோபம் இருக்கிறது. என் மேல் எதற்குக் கோபம்? உன்னிடம் கொடுக்கச் சொன்னால் ஒவ்வொரு வாரமும் நீ குளிக்கப் போயிருக்கிறாய். அவ்வளவு சுத்தமானவன் இல்லையே நீ.

பரீட்சை இருப்பதால் பொங்கலுக்கு வர முடியாது. தமிழ்செல்வன் கை எப்படி இருக்கிறது?

அது தமிழ்செல்வன் கைதானா?

சுமையா


ஏற்காடு
19.1.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். கை இல்லை, கால். தமிழ்செல்வன் இல்லை, அத்தா.

எழுத உட்கார்ந்து நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியிலேயே ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதில் இல்லை.

டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை. விட்டுவிட்டு வரட்டுமா என்று நீ எழுதிய கடிதம் வந்து இரண்டு நாள். அத்தாவுக்குத் தலைவலி. உன் வைத்தியத்தால் அது போய்விட்டால் மறுநாள் போனில் அவரே உன்னிடம் சொல்வார், நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். கிளையை மூடிவிட்டேன் என்று உனக்கு எழுதினேனே, அது இதற்குப் பிறகுதான்.

"அத்தா, அக்கா உங்களுக்குன்னே எழுதியிருக்கா. வெந்நீர்ல கால் வெக்கோணுமாம்" என்றேன். "எனக்குன்னேவா?" என்று கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். அப்போது கடையில் நல்ல கூட்டம். அம்மாவைச் சட்டிக்கு வரச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கம்பளி போர்த்தினேன், தலையில் ஈரத் துண்டு போட்டேன். டீ பாய்லரில் இருந்து தண்ணீர் பிடித்துக் கலந்தேன். முதலில் மட்டும் விரலை விட்டுப் பார்த்தேன்.

"ஏங் கண்ணு, சூடே ஏறலயே, இன்னும் ஒரு சொம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். "இன்னொண்ணு ஊத்துடா, அக்கா சொன்னத அரைகொறையாச் செய்யாத" என்றார். "சுடலீங்களா அத்தா?" என்று கேட்டேன். "முப்பது வருசமா எண்ணெச் சட்டி முன்னால நிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று சொம்பு ஊற்றினேன். பாய்லர் தண்ணீர் அக்கா. கால் மணி நேரம் கழித்து, "தல பஞ்சு மாதிரி ஆயிருச்சு, என் மக டாக்டரு" என்று எழுந்து போய் மறுபடி சட்டி முன்னால் நின்றுகொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது அம்மாதான் பார்த்தாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம், வலது கால் சுண்டு விரல் பக்கம் தோலே இல்லை. "ஏனுங்க, உங்க மகளுக்கு உங்களுக்குச் சக்கரைன்னு தெரியாதா?" என்று அம்மா கத்தினாள். அத்தா சொன்னார்: "சத்தம் போடாத சலீமா. புதுசாப் படிக்கிற புள்ள, மறந்திருக்கும். அவகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா புஸ்தகத்தையே தொட மாட்டா."

நான் அங்கேதான் நின்றேன். என் உடம்பில் எப்போதும் திறந்தே இருக்கிற உறுப்பு வாய்தான். அன்றைக்கு மட்டும் அது பூட்டிக்கொண்டது. கடைக்கு வருகிறவர்களிடம் எண்ணெய் தெறித்துவிட்டது என்கிறார்கள். உன் பட்டியல் கடிதம் வந்ததும் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவிட்டேன்.

இடது கால் ஆறிவிட்டது. வலது ஆறவில்லை, சீழ் பிடித்துவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். சுண்டு விரலை எடுக்க வேண்டி வருமா என்று இன்னும் பதினைந்து நாளில் தெரியும் என்கிறார் டாக்டர். கடையை அம்மா பார்க்கிறாள். பள்ளி விட்டதும் நான் போகிறேன்.

நீ அடிக்கிற தூரத்தில் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆசிக்


நாகர்கோவில் பக்கம்
26.1.2025

ஆசிக்,

ஸலாம். உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். ஏன் என்று எழுதத் தேவையில்லை.

உன்னை என்னென்ன திட்டலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். நீளமான பட்டியல். அதைக் கிழித்துவிட்டேன். பாதிப் பாடத்தைத் தபாலில் அனுப்பினவள் நான். செய்யக் கூடாதவர் யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே ஆசையாக உனக்கு எழுதினேன். அதனால் உன் தப்பு சின்னதாகிவிடாது.

அத்தாவிடம் நீ சொல்ல வேண்டும். நான் போனில் சொல்லிவிடலாம், அரை நிமிடம் போதும். சொல்ல மாட்டேன். என் பெயரைக் காப்பாற்றுவதற்காக நான் கேட்கவில்லை, அதை மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன். இன்று போனில் அத்தா என்ன சொன்னார் தெரியுமா? "நீ எழுதறத எல்லாம் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கறேன் கண்ணு" என்றார். கால் வெந்து கிடக்கிற மனுஷன். இனி என் பெயரைச் சொல்லி யார் எதை நீட்டினாலும் அவர் வாங்கிக் குடிப்பார், எதில் வைக்கச் சொன்னாலும் காலை வைப்பார். அதனால்தான்.

பாதத்தில் இருபத்தாறு எலும்பு. முதல் தேர்வில் எனக்கு அது தெரியவில்லை. உன் கடிதம் வந்ததில் இருந்து கண்ணை மூடினால் ஒவ்வொன்றாக வருகிறது. நான் எங்கேயும் போகவில்லை. புத்தகம் கட்டில் காலிலேயே இருக்கட்டும்.

பத்து நாள் தருகிறேன்.

சுமையா


ஏற்காடு
6.2.2025

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் நல்ல செய்தி. விரல் இருக்கும்! செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டர், ஓரத்தில் புதுத் தோல் வருகிறது, வெட்ட வேண்டாம் என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இன்னும் ஒரு மாதம் அதிகம் நடக்கக் கூடாது, இந்த வருடம் நோன்பும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தா அதற்கு மட்டும் டாக்டரோடு வாதாடினார்.

இரண்டாவது செய்தி. சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை நான்கு மணி. அத்தா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நேராகப் போய் எதிரில் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அத்தா, உங்க கால் வெந்ததுக்கு அக்கா காரணம் இல்லீங்க, நான்தான். என்ன தண்டன கொடுத்தாலும் ஏத்துக்கிறேன்" என்றேன். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வக்கீல் தோற்றான். அத்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தத் தைரியம் யாருக்குடா வரும்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது. நீ வேண்டாததுக்குப் பயந்தாய்.

இனி என்னை மதிப்போடு அழைக்கலாம்.

ஆசிக்


நாகர்கோவில் பக்கம்
16.2.2025

மதிப்புக்குரிய தம்பி அவர்களுக்கு,

ஸலாம். விரல் செய்தி படித்து நானும் சாராவும் மெஸ்ஸில் கத்தியதில் வார்டன் வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று போனில் அம்மா குரலில் கோபம் இல்லை. என்ன சாப்பிட்டேன் என்று மூன்று தடவை கேட்டாள். அத்தா சிரித்துக்கொண்டே, "உந் தம்பிய நாகலூர்ல காப்பி மூட்டைக்குப் பின்னால இருந்து எடுத்துக்கிட்டு வந்தேன் கண்ணு" என்றார். என்ன ஏது என்று கேட்பதற்குள் நேரம் முடிந்து போனை வாங்கிவிட்டார்கள்.

எந்தக் காப்பி மூட்டை? நடக்கக் கூடாத அத்தா நாகலூருக்கு எதற்குப் போனார்? முழுசாக எழுது.

சுமையா


ஏற்காடு
22.2.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு எல்லோரும் நலம். என் மானத்துக்கு மட்டும் கொஞ்சம் சரியில்லை.

அன்று நான் அத்தாவின் எதிரில் போய் நின்றது உண்மைதான். கையைக் கட்டினேன். வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுங்களா அத்தா?" என்று வந்தது. வேண்டாம் என்றார். வெளியே வந்துவிட்டேன். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை, "என்னடா இன்னிக்கு என்னத் தண்ணியிலயே முக்கறே?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு எழுதிய மாதிரி அவருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது எல்லாம். நீ அனுப்பிய பட்டியல் கடிதத்தையும் அதோடு சேர்த்து, அவர் மாத்திரை டப்பாவின் அடியில் வைத்துவிட்டு, கிங்ஸ்டன் அண்ணன் பஸ்ஸில் ஏறி நாகலூர் போய்விட்டேன். தமிழ்செல்வன் வீட்டில் காப்பிக் கொட்டை மூட்டை அடுக்கியிருந்தார்கள். பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தமிழ்செல்வனின் அம்மா கவிதா அக்கா, "சாமி, சோறு திங்கிறயா?" என்று கேட்டபோது மூட்டைக்குப் பின்னாலிருந்தே, "நான் இங்க இல்லீங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம். அடுத்த டிரிப் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ, "மெதுவா, மெதுவா பாய், என் தோளைப் புடிங்க" என்றார்கள். எட்டிப் பார்த்தேன். அத்தா. கட்டுப் போட்ட காலில் தூசி படாமல் இருக்க, நம் கடை பார்சல் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஒரு பக்கம் கிங்ஸ்டன் அண்ணன் தாங்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அத்தா மூட்டை மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "வெளிய வா" என்றார். வந்தேன்.

"சுமையா எனக்குன்னு எழுதவே இல்லியா?"

"இல்லீங்கத்தா."

"ஒண்ணுமே எழுதலியா?"

"உங்களுக்குச் செய்யவே கூடாதுன்னுதான் எழுதியிருந்தா. அதத்தான் மறைச்சு வெச்சுட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால் அத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "யா அல்லா, எம் புள்ள தப்புப் பண்ணல" என்றார், என்னிடம் இல்லை, மூட்டைகளிடம். அப்புறம் என்னைப் பார்த்தார். "கால் போனாப் போகுதுடா. நாளைக்கு இவ வேற ஊட்டுப் பெரியவங்களுக்கு இப்படி மறந்துபோய்ச் செஞ்சுட்டா என்ன பண்றது, பேசாம படிப்ப நிறுத்திக் கூட்டியாந்தறலாமான்னு ரெண்டு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"நான் ஏமாத்திட்டேனுங்கத்தா."

"நீ ஏமாத்துக்காரன்னு எனக்குத் தெரியுமே. அது பழகுனதுதானடா" என்றார். "ஆனா என் கால வெச்சு ஏமாத்திட்டு, ரெண்டு மாசம் என் பக்கத்துலயே படுத்துத் தூங்கினயே, எப்புடிக் கண்ணு தூங்கினே?"

தூங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

பஸ்ஸை அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியாது என்று கிங்ஸ்டன் அண்ணன் இரண்டு தடவை விசில் அடித்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. கவிதா அக்கா தண்ணீர் கொண்டுவந்தார், அது மூக்கில் ஏறிவிட்டது. அத்தாவின் சட்டையில் இடது தோள் முழுக்க என்னுடைய வேலைதான். திரும்பி வரும்போது அவர் காலைப் பஸ் குலுக்கலில் எதிலும் இடிக்காமல் என் மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவு இல்லாத பாதைதான், ஆனாலும் வீடு வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். யாரோ ஒரு அம்மா, "பையனுக்கு என்னுங்க?" என்று கேட்டதற்கு அத்தா, "சளி" என்றார். தமிழ்செல்வன் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் இருக்க, பொதுத் தேர்வு வரைக்கும் அவன் ரெக்கார்டு நோட்டு முழுக்க நான் எழுதிக் கொடுப்பதாக ஒப்பந்தம்.

ஆகவே அக்கா, ஆறாம் தேதி நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொள். "கண்ணில் ஒரு சொட்டு இல்லை" என்ற வரியை அடித்துவிடு. "குரலில் நடுக்கம் இல்லை" என்பதையும். முதுகில் தட்டிக் கொடுத்ததையும், தைரியத்தையும், வக்கீலையும் அடித்துவிடு. அந்தக் கடிதத்தில் தேதியும், ஸலாமும், அத்தாவின் சுண்டு விரலும் மட்டும்தான் உண்மை.

உன் தம்பி,
ஆசிக்